வெள்ளைச் சீட்டு

பாளையங்கோட்டை, சமாதானபுரம் பக்கம்
ஒரு பள்ளி மைதானம், சாயங்காலம் நாலரை.
என் வேலை அளப்பது.
எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு, நாடித்துடிப்பு.
டேப்பைப் பார்த்ததும் பிள்ளைகள்
வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள்.
நான் ஒன்றும் சொல்வதில்லை. காத்திருப்பேன்.
பதினொரு நொடி, மிஞ்சிப்போனால் பதினைந்து.
மூச்சு விட்டுத்தானே ஆகவேண்டும்.
அதற்கப்புறம் வரும் எண்ணைத்தான் எழுதுவேன்.

அறுபது பிள்ளைகள், நாலு நிறச் சீட்டு.
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த
பிரமநாயகம் டாக்டர்
பிளாஸ்டிக் வாளியில் போட்டுக் குலுக்கினார்.
சிவப்பு, ஓட்டம். நீலம், பளு.
மஞ்சள், பாதி அது பாதி இது.
வெள்ளை எடுத்தவர்கள் வீட்டுக்குப் போகலாம்,
வழக்கம்போல இருக்கலாம்.
எது நல்லதென்று
பன்னிரண்டு வாரம் கழித்துத் தெரியும்.

ஓடியவர்களுக்கு முதல் வாரமே
தொடை உரசிப் புண்ணாயிற்று.
ஹெப்சிபா கணக்கு நோட்டுக்குப் பின்னால்
பவுடர் டப்பாவை ஒளித்துக் கொண்டுவந்தாள்.
மூன்றாவது சுற்றில் எல்லா முகமும்
ஒரே முகமாகிவிடும்.
விசில் ஊதினால் அப்படியே மண்ணில் உட்காருவார்கள்.
சாரல் காற்று வந்து சட்டையை ஊதிப் பெரிதாக்கும்,
இரண்டு கையாலும் அவசரமாக
அமுக்கிக்கொள்வார்கள்.

பளுவுக்கு மணல் நிரப்பிய பாட்டில்,
ரப்பர் பட்டை, ஒரு பழைய லாரி டயர்.
எப்படிப் புரட்டுவதென்று காட்ட வந்த பி.டி. சார்
மூன்று தரம் முக்கினார்.
ஆவுடையப்பன் ஒரே தள்ளில் புரட்டினான்.
"ஏல, என்னத்தல திங்க?"
வழக்கமாக அவனிடம் கேட்கிற கேள்விதான்.
இந்தத் தடவை அதில் கொஞ்சம் பொறாமை இருந்தது.
அன்றைக்கு என் டேப்புக்கு
அவன் வயிற்றை இழுக்கவில்லை.
அதை எழுத என் படிவத்தில் கட்டம் இல்லை.

மஞ்சள் பிள்ளைகளைப் பற்றி
அதிகம் நினைவில்லை.
ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற வழியில்
தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார்கள்.

ஐந்தாம் வாரம்தான் கண்ணில் பட்டது.
கம்பிவேலிக்கு வெளியே, சாக்கடையை ஒட்டிய சந்தில்
ஒருவன் ஓடுகிறான்.
உள்ளே சிவப்பு திரும்பினால் அவனும் திரும்புகிறான்.
நின்றால் நிற்கிறான்.
ரிஃபாய். ஆறாம் வகுப்பு, மேலப்பாளையம்.
வெள்ளைச் சீட்டு.

"ஒன்னை வழக்கம்போல இருக்கத்தான சொன்னாவ?"
"வழக்கம்போலன்னா
என்னைய யாரும் ஆட்டைல சேக்க மாட்டாவக்கா.
அதத்தான் செய்யுதேன், வெளிய."

டாக்டரிடம் அன்றே சொல்லியிருக்கவேண்டும்.
பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.
வெள்ளிக்கிழமை சொல்லலாம் என்று வைத்தேன்.
வெள்ளிக்கிழமை மழை.
அவன் மழையிலும் ஓடினான்,
உள்ளே ஒருவரும் இல்லாதபோது,
யார் திரும்பினார்கள் என்று தானும் திரும்பினானோ.
அதற்குமேல் சொல்ல வாய் வரவில்லை.

பன்னிரண்டாம் வாரம்.
சிவப்புக்கு மூச்சு நீண்டிருந்தது.
நீலத்துக்கு எடை கொஞ்சம் ஏறியிருந்தது,
அம்மாமார் சண்டைக்கு வந்தார்கள்,
தசை என்று விளக்கினால்
"கூடினது கூடினதுதானம்மா" என்றார்கள்.
மஞ்சளுக்கு இடுப்பு குறைந்திருந்தது,
மற்றவர்களைவிட ஒரு விரல்கடை.
வெள்ளை நகரவேயில்லை,
ஒருவனைத் தவிர.

"இது யாரு? தப்பா அளந்திட்டியளா?"
"இல்ல சார்."
சொன்னேன். எல்லாவற்றையும்.
டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மறுபடி மாட்டினார்.
"இப்ப இவன எதுலம்மா வைக்க?"
கோபம் மாதிரியும் இருந்தது, இல்லை மாதிரியும்.

குறிப்பு என்ற கட்டத்தில்
நாற்பது எழுத்துதான் கொள்ளும்.
விதிமீறல் என்று ஆரம்பித்து அழித்தேன்.
சந்தில், செருப்போடு, என்று எழுதினேன்.
இடம் மிச்சம் இருந்தது.

திங்கள் முதல் வெள்ளைச் சீட்டுக்கும் கேட் திறக்கும்,
பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்.
ரிஃபாயிடம் சொன்னேன்.
வேலிக் கம்பியில் விரலைக் கோத்துக்கொண்டு
உள்ளே பார்த்தான், நெடுநேரம்.

"அந்த டயரு கெடக்குமாக்கா?"